ஓர் உளுந்தெடை மருந்து

அமெரிக்க நகரொன்றின் புறத்தே, காரை நிறுத்தும் கொட்டகையின் மூலையில், இரவு உணவுக்குப் பின் ஒருவர் மரப்பலகையொன்றை விளக்கின் கீழ் இழுத்து வைத்துக்கொள்கிறார். பலகையில் ஐம்பது துளைகள். ஒவ்வொன்றிலும் வாய் மேல்நோக்கிய ஒரு பித்தளைக் கூடு. குனிந்து ஒவ்வொரு கூட்டினுள்ளும் பார்க்கிறார். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. முப்பத்தேழாவது கூட்டுக்கு வரும்போது கண் தயங்குகிறது. மருந்து சற்று உயர்ந்து தெரிகிறதா, விளக்கின் நிழல்தானா? அதைத் தராசுத் தட்டில் கவிழ்க்கிறார். எடை சரியாகவே இருக்கிறது. ஆனால் ஐயம் வந்துவிட்டதால், ஐம்பதையும் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் பழக்கத்தைத் தொடங்கும் எவருடைய முதல் மாதமும் ஏறத்தாழ இப்படித்தான் கழிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆயுதம் பற்றிய பொழுதுபோக்கு. உள்ளே சென்று பார்த்தால், அதில் பெரும்பகுதி தராசு, குறிப்பேடு, தன் கையின் மீதே கொள்ளும் அவநம்பிக்கை.

தோட்டா நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மூன்று போய்விடுகின்றன; நான்கில் பெரும்பாலும் விலை மிகுந்ததாகிய கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. வெடிப்பின் அழுத்தத்தில் அது சற்று விரிந்திருக்கும். அதை எஃகு அச்சு ஒன்றினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த பிரைமரை வெளியே தள்ளி, புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, குண்டை வைத்து அழுத்த வேண்டும். செயல்முறை அவ்வளவே. பணம் மிச்சமாகும் என்று சொல்லித் தொடங்குவோர் பலர். மிச்சமாவதில்லை, முன்னைவிட அதிகம் சுடுகிறார்கள் என்பது அவர்களுக்குள்ளேயே புழங்கும் பழைய வேடிக்கை. 2020-ஐ ஒட்டி பிரைமர் கிடைக்காமல் போன மாதங்களில் அந்த வேடிக்கையும் இல்லாமல் போயிற்று.

இந்தப் பழக்கத்தின் சிறு அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒன்று ஏறத்தாழ 65 மில்லிகிராம். சித்த மருத்துவ எடைப் பட்டியலில் ஓர் உளுந்தெடைக்குச் சொல்லப்படும் அளவும் 65 மில்லிகிராமே. வெடிப்பதையும் குணப்படுத்துவதையும் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் தமிழ் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: அளவு தப்பினால் பொருளின் பெயரே மாறிவிடும். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு வேண்டிய மருந்து பொதுவாகச் சில உளுந்தெடை மட்டுமே. அதில் ஓர் உளுந்தின் பிழை எத்தனை விழுக்காடு என்பதை ஆய்வகத்தில் வேலை செய்த எவரும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவர்.

தொடக்கநிலையாளருக்குப் பலரும் பரிந்துரைப்பது .38 ஸ்பெஷல். சுழல்துப்பாக்கியின் தோட்டா, சுட்ட கூடு புல்லில் தெறித்துத் தொலையாமல் கையிலேயே விழும். நேரான சுவர், மிதமான அழுத்தம். ஆனால் அதனுள் வரலாறு ஒரு பொறியை வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தோட்டா கரிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. கரிமருந்து இடத்தை அடைக்கும் பொருள். கூடு அதற்கேற்ப நீண்டது. பின்னர் புகையில்லா மருந்து வந்தது. அதே வேலைக்கு மிகச் சிறிதளவே போதும் என்றாயிற்று. கூட்டின் நீளமோ மாறவில்லை. ஆகவே இன்று அந்தக் கூட்டின் அடியில் மருந்து சிறு குவியலாகக் கிடக்க, மேலே வெற்றிடம். கவனம் சிதறி இரண்டாம் முறை மருந்தைக் கொட்டினாலும் அது வழிந்து காட்டிக்கொடுக்காது. குண்டு மேலே வந்து மூடிவிடும். அதன் பிறகு அந்தத் தோட்டாவை மற்ற நாற்பத்தொன்பதிலிருந்து பிரித்தறியக் கண்ணுக்கு வழியில்லை. ஐம்பதும் மூடப்படும் முன் விளக்கின் கீழ் பார்த்தாக வேண்டும் என்ற விதி வந்தது இதனால்தான். மருந்தளக்கும்போது தொலைபேசி ஒலித்தால் எடுக்கலாகாது, குழந்தை அழைத்தால் எழுந்து போகலாம், ஆனால் திரும்பி வந்து பாதியிலிருந்து தொடரலாகாது என்பதும் அதே விதியின் கிளைகள்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. மருந்தே விழாத கூட்டில் பிரைமரின் பொறி மட்டும் குண்டைச் சிறிது தூரம் தள்ளிக் குழலுக்குள் நிறுத்திவிடும். வழக்கமான ஓசைக்குப் பதில் ஒரு சோர்ந்த ‘டப்’. அந்த வேறுபாட்டைக் காது பிடிக்காமல், விரல் மீண்டும் விசையை இழுத்தால், அடைபட்ட குழலுக்குள் அடுத்த குண்டு வருகிறது. மிகையால் நேரும் கேட்டைக் கண் தடுக்க வேண்டும், குறையால் நேரும் கேட்டைக் காது தடுக்க வேண்டும்.

அளவை மீறியே கற்றவர்களும் உண்டு. எல்மர் கீத் என்னும் மாட்டுப்பண்ணைக்காரர் 1925 ஜூலை 4 அன்று, விடுதலை நாள் கொண்டாட்டமாகச் சுட்ட .45 கோல்ட் சுழல்துப்பாக்கி அவர் கையிலேயே உடைந்தது. குண்டு அந்தத் துப்பாக்கிக்கு மிகக் கனமானது. அவர் பிழைத்தார், அதைப் பற்றி எழுதினார், சுவர் தடித்த.44 ஸ்பெஷலுக்கு மாறினார். 1955-இல் .44 மேக்னம் வந்ததற்கு அவருடைய நீண்ட வற்புறுத்தல் ஒரு காரணம். வீரக்கதையாகவே இது சொல்லப்படுகிறது. ஆனால் அதே சோதனையைச் செய்து எழுதும் கையை இழந்தவர்கள் கட்டுரை எழுதவில்லை என்பதைப் புள்ளியியல் படித்தவர்கள் கதை கேட்கும்போது மறக்கலாகாது.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்குக் காரணம் சட்டம் மட்டுமன்று, ஒரு துளையும்தான். 1860-களில் இரண்டு வகைப் பிரைமர்கள் தோன்றின. ஆங்கிலேயரான பாக்ஸர் வகுத்த முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய ஊசியொன்றால் பழைய பிரைமரை எளிதாகத் தள்ளிவிடலாம். அமெரிக்கரான பெர்டன் வகுத்ததில் பெரும்பாலும் நடுவிலிருந்து விலகிய இரு துளைகள். ஊசி அங்கே உதவாது. விந்தை என்னவெனில், அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையைத் தழுவியது. ஐரோப்பியப் படைகள் பல அமெரிக்கரின் முறையைத் தழுவின.

அந்த பாக்ஸர், வுல்விச் அரசுத் தோட்டாக்கூடத்தின் கண்காணிப்பாளர். அவர் செய்த பித்தளைத் தோட்டா ஸ்னைடர் துப்பாக்கிக்கு உரியது. ஸ்னைடரோ, 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்புறத்தை வெட்டித் திறந்து உருமாற்றியது. என்ஃபீல்டு என்றதும் இந்திய வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1857 ஜனவரியில் டம்டமில் எழுந்த ஐயம் ஒரு காகிதத் தோட்டாவைப் பற்றியது. அதில் பூசிய கொழுப்பு யாருடைய கையால், எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதே கேள்வி. அம்மாத இறுதியிலேயே அரசு இறங்கி வந்தது: கொழுப்பில்லாத் தோட்டாக்கள் தரப்படும், சிப்பாய்கள் தாங்கள் விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என்றது. பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றும் விதி மாற்றியது. அதற்குள் ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியிருந்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படையினர் முன் நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. பிறர் செய்த தோட்டாவில் என்ன இருக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமல் அறிய முடியாது; திறந்து பார்த்தாலும் நம்ப முடியாத நிலை ஒன்று உண்டு.

கொட்டகையில் குனிந்திருப்பவருக்கும் முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்று, பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பது. நெருங்கிய நண்பர் கொடுத்தாலும் வாங்கி நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிட வேண்டும். அவமதிப்பாக யாரும் இதை எடுத்துக்கொள்வதில்லை.

அவருக்குத் தம் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை; விற்பனைக்கென்று செய்தால்தான் வேண்டும். இந்தியாவில் கதை நேர்மாறு. 1857-க்குப் பின் ஆயுதம் பற்றிய சட்டங்கள் இறுகின. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குடியேற்ற அரசின் அவநம்பிக்கைக்குச் சான்றாகத் தேசியத் தலைவர்கள் சுட்டினர். விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மீறுவோருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. தடையை அவநம்பிக்கை என்று மட்டும் படிப்பதும் போதாது. துப்பாக்கியால் நாள்தோறும் எத்தனை பேர் சாகிறார்கள் என்று அமெரிக்கா எண்ணிக்கொண்டிருக்கும்போது, கொட்டகையின் ஒழுக்கத்தை மட்டும் தனியே பிரித்துப் போற்றுவது நேர்மையாகாது. அந்த மனிதரின் கவனம் உண்மையானது. அவர் நிரப்புவது தோட்டா என்பதும் உண்மை.

பேசப்படாத இன்னொரு தீங்கு, வெடிக்காமலே வருவது. சுட்ட கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசியிலும் பிரைமரின் எச்சத்திலும் ஈயம் இருக்கிறது. கையைக் கழுவாமல் சோற்றில் வைப்பதும், அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் மெல்ல இரத்தத்தில் சேர்வன. இதற்கு ஓசை கிடையாது, விளக்கும் உதவாது. தொடங்குபவர் கருவிகளுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியைச் சோப்புக்குக் காட்டுவதில்லை.

தேர்ந்தவர் ஒவ்வொரு பெட்டியிலும் நாள், மருந்தின் பெயர், எடை, குண்டின் எடை எல்லாம் எழுதி ஒட்டுகிறார். அவர் காலமான பின், நெடுநாள் கழித்து, மகளோ மருமகனோ கொட்டகையைத் திறக்கும்போது அடுக்கடுக்காக அந்தப் பெட்டிகள் கிடைக்கின்றன. கையெழுத்துத் தெளிவாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் அவர்களிடம் சொல்வது ஒன்றே: சுடாதீர்கள், பிரித்துவிடுங்கள். குண்டுகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுகின்றன. மருந்தில் நைட்ரஜன் உண்டென்று அதைப் புல்வெளியில் மெல்லத் தூவிவிடுவோர் உண்டு. பித்தளைக் கூடுகள் மட்டும் துலக்கப்பட்டு, வேறொருவரின் துளைப்பலகைக்குப் போகின்றன.