குளிர்த் தாங்கியோடு பறப்பது

1988 ஏப்ரல் 15. சோவியத் நாட்டில் ருப்பொலெவ்-155 முதன்முறை கிளம்பியது. ருப்பொலெவ்-154 என்ற பயணிகள் விமானத்தை மாற்றிச் செய்தது. வால்பக்கம் மூன்று இயந்திரங்கள். வலப்பக்கத்து ஒன்றுக்கு மட்டும் திரவ ஐதரசன், மற்ற இரண்டுக்கும் மண்ணெண்ணெய். அடுத்த வருடம் ஐதரசனை விட்டுத் திரவ இயற்கை வாயுவுக்கு மாறினார்கள். அதன் கொதிநிலை −162 பாகை, ஐதரசனுக்கோ −253.

*

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இந்தக் கலப்பு உடனே விளங்கும். கொஞ்சம் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். 1957 பெப்ரவரியில் அமெரிக்கர் பி-57 விமானத்தில் செய்ததும் ஏறக்குறைய அதுதான். வழமையான எரிபொருளில் மேலே ஏறி, 50,000 அடி அளவில் ஒரு இயந்திரத்தை மட்டும் ஐதரசனுக்கு மாற்றினார்கள். இருபது நிமிடம் போல ஓடியது.

ஜெற் எரிபொருளும் மண்ணெண்ணெய் இனம்தான். ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் தேடிச் சங்கக்கடை வரிசையில் நின்ற சனத்தின் தலைக்கு மேலேதான் கிபிர் போர் விமானம் அதை எரித்துக்கொண்டு போனது.

*

ஐதரசனை எரிப்பதில் பெரிய வில்லங்கம் இல்லை. வைத்திருப்பதுதான் பாடு. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மண்ணெண்ணெயைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி. ஆனால் ஒரு கனமீற்றர் திரவ ஐதரசன் 71 கிலோதான். மண்ணெண்ணெய் 800 கிலோ. ஆகவே அதே சக்திக்கு நாலு மடங்கு இடம் வேண்டும். இறக்கைக்குள் ஊற்ற முடியாது. வெப்பம் புகும் மேற்பரப்பைக் குறைக்கக் கோளமாகவோ உருளையாகவோ தாங்கி செய்து உடலுக்குள் வைக்கவேண்டும். அந்தளவுக்கு ஆசனங்கள் போய்விடும். எவ்வளவு காப்பிட்டாலும் உள்ளே கொஞ்சம் கொதித்துக்கொண்டே இருக்கும், அந்த வாயுவுக்கும் ஒரு வழி விடவேண்டும்.

லொக்ஹீட் நிறுவனத்தின் பேர்பெற்ற விமான வடிவமைப்பாளர் கெலி ஜோன்சனே இதைக் கைவிட்டவர். ஐம்பதுகளில் ஐதரசனில் ஓடும் உளவு விமானம் ஒன்றை இரகசியமாக வடிவமைத்தார். தூரம் போதாது என்று கண்டதும் வேலையை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். அதற்காகப் புளோரிடாவில் கட்டிய ஐதரசன் ஆலையை ஊருக்கு உர ஆலை என்று சொல்லி வைத்திருந்தார்களாம். உரத்தட்டுப்பாடு கண்ட எங்கள் வயற்காரர் கேட்டால் சிரிப்பார்கள்.

*

தமிழ் மண்ணில் இந்தக் குளிரோடு மல்லுக்கட்டிய இடம் கடலுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து என்பது கதை. இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ தன் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) ரொக்கெட் இயந்திரங்களைப் பரீட்சிப்பது அங்கேதான். அமெரிக்க நெருக்குதலில் 1993இல் ரஷ்யா தொழில்நுட்பம் தராமல் பின்வாங்கியதால் சொந்தமாகச் செய்யவேண்டி வந்தது. 2010 ஏப்ரல் 15 முதல் முயற்சி: எரிபொருள் ஊட்டும் பம்பி நின்று, ரொக்கெட் கடலில். (ருப்பொலெவ் பறந்த அதே திகதி!) 2014 ஜனவரி 5 அன்று வெற்றி.

ஆனாலும் ரொக்கெட்காரர் பாடு ஒருவகையில் இலகு. ஏவுவதற்குச் சற்று முன் நிரப்பி, சில நிமிடங்களில் எரித்து முடித்துவிடலாம். விமானம் நாளுக்கு நாலு தரம் இறங்கி ஏறவேண்டும், வருடக்கணக்கில்.

*

பூநகரிக் காற்றைப் பற்றி எவ்வளவோ திட்டங்கள் பேசியாயிற்று. அந்தக் காற்று மின்சாரத்தில் தண்ணீரிலிருந்து ஐதரசன் பிரிக்கலாம் என்று சொல்வோர் அடுத்த கணக்கையும் சொல்லவேண்டும்: பிரித்ததைத் திரவமாக்கவே அதிலுள்ள சக்தியில் மூன்றிலொரு பங்கு அளவு செலவாகும். அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிக் கணக்கு.

*

எயார்பஸ் 2020இல், 2035க்குள் ஐதரசன் விமானம் என்றது. 2025இல் அது பிந்தும் என்றது. எனக்கு ஆச்சரியமில்லை. சின்ன விமானங்களில்தான் நம்பிக்கை. 2023 செப்டெம்பரில் ஸ்லொவேனியாவில் எச்வை-4 திரவ ஐதரசனில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பறந்தது. ஐதரசனை எரிக்காமல் எரிபொருட் கலத்தில் மின்சாரமாக்கி ஓடுகிறது. 1,500 கிலோமீற்றர் போகலாம் என்கிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வரத் தாராளம். நாலு பேர்தான் ஏறலாம். அதில் ஓட்டியும் ஒருவர்.