குட்டைகளின் சாலை

குளிர்நாடுகளில் பிள்ளைகளை இளவேனிலில் தவளை பார்க்க அழைத்துப்போவார்கள். எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சித்திரையில் குட்டைகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இங்கே தவளைக்கு இளவேனில் ஐப்பசிதான். இரண்டு நாள் அடைமழை விட்ட ஒரு காலையில், தங்கையின் பிள்ளைகள் மூவரோடு ரஞ்சன்குடிக் கோட்டையிலிருந்து புறப்பட்டேன். கரைவெட்டி ஏரி வரை போவதாகத் திட்டம்.

கோட்டை அகழியோரம் தேங்கிய மழைநீரிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. "மாமா, யாரோ பாசிமணிய அறுத்துப் போட்டிருக்காங்க" என்றாள் சின்னவள். ஜவ்வுச் சரத்துக்குள் கறுப்புக் கறுப்பாகத் தேரை முட்டைகள். தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளையில் சோப்பு நுரைபோல ஒரு உருண்டை. அது மரத்தவளையின் கூடு. முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேரே கீழே உள்ள தண்ணீரில் விழும். காலடிச் சத்தம் கேட்டுக் குட்டித் தவளையொன்று நீர்மேல் தத்தித் தத்திப் பாய்ந்தது. தவளைக்கல் விடுவதற்கு அந்தப் பெயர் எப்படி வந்ததென்று பெரியவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கையை நனைத்துக்கொண்டுதான் எதையும் தொடவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது.

பெரம்பலூர் வரை நான்குவழிச் சாலை. பிறகு அரியலூர்ச் சாலையில் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே, மண் வெட்டியெடுத்த பள்ளமொன்றில் மஞ்சள் பூசிய காளைத் தவளைகள், தாடையின் இருபுறமும் நீலப்பை உப்ப, பெண்ணை அழைத்துக்கொண்டிருந்தன. 1987இல் ஏற்றுமதி தடை செய்யப்படும்வரை இவற்றின் கால்கள் இங்கிருந்து கப்பலேறின. தன் வாயால் கெடும் என்று தவளையைப் பழிக்கிறோம். அந்தக் குரல் இல்லாவிட்டால் அதற்கு வம்சமே கிடையாது.

"ஏரி இருக்கறப்ப ஏன் மாமா பள்ளத்துல முட்டை போடுது?" ஏரியில் மீன் உண்டு, தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். கோடையில் வற்றும் பள்ளத்தில் மீன் தங்காது. வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பள்ளத்தைத்தான் வெறும் இடமென்று கட்டடக் கழிவு கொட்டி மூடுகிறோம். எனக்கு இது ஆறாத மனக்குறை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளிலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் செங்குத்தான கரையில் குட்டித் தவளை ஏற இடமேது?

அரியலூரைத் தாண்டி மருதையாறு, கணுக்கால் தண்ணீரோடு. 1956 நவம்பர் 23 அன்று இந்த ஆற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சாய்த்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் வந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை.

கரைவெட்டிக்கு மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வருகிறது. 1999இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சர் ஈரநிலத் தலம். எல்லோரும் இங்கே பறவை பார்க்க வருகிறார்கள். அந்த நாரையும் கொக்கும் தவளையைத் தின்றும்தான் வயிறு வளர்க்கின்றன.

இருட்டும்போது சின்னவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். உள்ளே, காலையில் பிடித்த ஒரே ஒரு தலைப்பிரட்டை. "இங்கயே விட்டுடட்டா?"

ஒரு குட்டையின் தண்ணீரை இன்னொன்றில் கலந்தால் நோயும் கூடவே போகலாம் என்றேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை ரஞ்சன்குடிக்கே திருப்பினோம்.