மதுவம் உறங்கிய மூன்று நாட்கள்

ஒரு மாரிகாலம் ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் நிலவறையில் பியர் காய்ச்சினார். 20 லீற்றர் மோல்ற் கரைசலில் மதுவத்தைத் தூவி ஒன்றரை நாளாகியும், மூடியிலிருந்த நீர்க்குழாயில் ஒரு குமிழியேனும் எழவில்லை.

"செத்துப்போச்சு மாமா, ஊத்திவிடுவம்" என்றார்.

உறுதி செய்யாமல் எவருடைய மரணத்தையும் அச்சேற்றலாகாது என்பது பத்திரிகைத் தொழிலின் முதற்பாடம். அதை ஒருமுறை தவறவிட்டு, உயிரோடிருந்த ஒருவரின் வாசலில் மன்னிப்புக் கேட்டு நின்றவன் நான்.

"பொறுங்கோ தம்பி" என்றேன்.

வெப்பமானி 14 பாகை காட்டியது. ஏல் வகைப் பியருக்கான மதுவம் 18 முதல் 22 பாகையில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். ஊரில் அப்பமாவுக்குக் கள்ளு விட்டாலும் குளிர்நாளில் சுணங்கித்தானே பொங்கும்! கலனைச் சூடான அறைக்கு மாற்றிக் கம்பளியால் போர்த்தினோம்.

குமிழி எழாதது மட்டும் மரணத்துக்குச் சாட்சியாகாது. மூடி இறுகாவிட்டால் வாயு அவ்வழியே கசிந்துவிடும். மதுவம் சீனியை உண்ண உண்ணக் கரைசலின் அடர்த்தி குறையும். ஆகவே அடர்த்திமானியையே நம்பினோம். 1.048 இல் தொடங்கியது, மூன்றாம் நாள் 1.030 ஆக இறங்கியிருந்தது.

மருமகன் சிரித்தார். நான் அந்தப் பழைய வாசலை நினைத்துக்கொண்டேன்.