பெலியாகட்டா: விடுதலை நாளை நோன்பாகக் கண்ட ஊர்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், சியால்தா ரயில் நிலையத்துக்கு அப்பால், கால்வாயை ஒட்டி வளர்ந்த பெலியாகட்டா, இன்று நகரத்தாருக்குத் தொற்றுநோய் மருத்துவமனையால் அறிமுகமான பகுதியெனினும், டெல்லிச் செங்கோட்டைக்கு நிகராக நினைக்கப்பட வேண்டிய விடுதலை வரலாறு அதற்கு உண்டு.

பாகிஸ்தான் கோரிக்கைக்காக முஸ்லிம் லீக் அறிவித்த 'நேரடி நடவடிக்கை நாள்' 1946 ஆகஸ்ட் 16-இல் பெருங்கொலைகளாக மாறியதிலிருந்து, இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த இப்பகுதி அச்சத்தில் உறைந்திருந்தது. கிழக்கு வங்கத்தின் நவகாளிக்குப் புறப்பட்டிருந்த காந்தி, நகர முஸ்லிம்களின் வேண்டுகோளை ஏற்று, அக்கொலைகளுக்குப் பொறுப்பாளர் என இந்துக்கள் பலர் வெறுத்த வங்கப் பிரதமர் (அன்றைய மாகாண முதலமைச்சர்) சுஹ்ராவர்தியும் தம்முடன் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1947 ஆகஸ்ட் 13-இல் இங்குள்ள ஹைதரி மன்ஸில் என்ற பாழடைந்த முஸ்லிம் வீட்டில் குடியேறினார்.

ஆகஸ்ட் 15 அன்று, தெருக்களில் இரு சமூகத்தாரும் தழுவிக்கொண்டு கொண்டாடியபோது, அவர் உண்ணாமல் நூற்றும் வழிபட்டும் அந்நாளைக் கழித்தார். பெலியாகட்டாவில் வளர்ந்த இளங்கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யாவுக்கு அன்று 21 வயது நிறைந்திருக்கும்; காசநோய் அவரை மே மாதத்திலேயே கொண்டுசென்றிருந்தது.

இதற்கு மாறான ஒரு விடுதலை நாளும் உண்டு: மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (பின்னாளைய கானா) காந்தியின் போராட்ட முறையால் ஈர்க்கப்பட்டு, 1950-இல் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் கொண்ட இயக்கத்தைத் தொடங்கிய குவாமே என்க்ருமா, 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் அக்ரா நகரத் திடலில் மக்கள் வெள்ளத்தின் நடுவே நின்று கானாவின் விடுதலையை அறிவித்தார். அந்த முறையை வகுத்தவருக்கோ தம் நாட்டின் விடுதலை நாள், பிரிவினையின் துயரைச் சுமந்த நோன்பாகவே அமைந்தது.

பெலியாகட்டாவின் உண்மையான சோதனை அந்த ஆகஸ்ட் 15-க்குப் பின்னரே வந்தது. ஆகஸ்ட் 31 இரவு ஒரு கூட்டம் காந்தி தங்கியிருந்த வீட்டினுள் புகுந்து தாக்கியது; மறுநாள் நகரெங்கும் கலவரம் மூளவே, காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். விடுதலை நாளன்று மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்றிருந்த ராஜாஜி, கலகக்காரர்களுக்கு எதிராக நோன்பிருப்பது தகுமா என்று நேரில் வந்து வாதிட்டும், காந்தியின் உறுதி தளரவில்லை. இளைஞர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர்; இனி வன்முறையை அனுமதிப்பதில்லை என்று எல்லாச் சமூகத் தலைவர்களும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே, செப்டம்பர் 4 இரவு சுஹ்ராவர்தி தந்த பழச்சாற்றை அருந்தி அவர் நோன்பை முடித்தார். பஞ்சாப் இன்னும் எரிந்துகொண்டிருக்க, கொல்கத்தா அமைதி கண்டது. செப்டம்பர் 7-இல் அவர் டெல்லிக்குப் புறப்பட்டார். அவ்வீடு இன்று காந்தி பவன் என்ற பெயரில் அருங்காட்சியகமாக உள்ளது.