கடலடிப் பூஞ்சையும் டெங்குவும்

ஜூன் 3, செவ்வாய், திருவனந்தபுரம்
மழை பிடித்துக்கொண்டது, இனி டெங்குக் காலம். டெங்குவுக்கு மருந்து தேடும் எங்கள் ஆய்வகத்தில் குடுவைகளைத் திறந்தோம். கடலுப்பு நீரில் வேகவைத்த அரிசிமேல், கடலடிச் சேற்றில் பிரித்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அடர்ந்து மூடியிருந்தது. அடியில் மஞ்சள் கசிவு. திரவத்தில் வளர்த்தபோது இந்த நிறமே வரவில்லை. தீனி மாறினால் பூஞ்சை சுரக்கும் பொருளும் மாறும். அதைப் பிரித்தெடுக்க எத்தில் அசிடேட் ஊற்றி ஊறவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்
சாற்றை வற்றவைத்ததும் பிசுபிசுப்பான பழுப்புப் படலம் மிஞ்சியது. அதைக் கரைத்து, குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் டெங்கு வைரஸோடு சேர்த்தேன்.

இரவில் கோவா தேசிய கடலியல் நிறுவனத்தின் சந்திரலதா ரகுகுமார் குழு 2004இல் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் அகழி, சுமார் 5,900 மீட்டர் ஆழம். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த சேற்றிலிருந்து பூஞ்சையை உயிரோடு வளர்த்தெடுத்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் மெய்சிலிர்க்கிறது.

ஜூன் 8, ஞாயிறு
“மருந்து தேட அவ்வளவு ஆழம் போகணுமா?” என்றாள் அறைத்தோழி. அங்கே வெளிச்சமில்லை, கடுங்குளிர், 5,000 மீட்டரில் நம் தலைமேல் உள்ள காற்றழுத்தத்தைப்போல் 500 மடங்கு அழுத்தம். அதில் பிழைக்கும் உயிரிடம் நாம் அறியாத வேதிப்பொருள் இருக்கலாம் என்றேன். சார்டினியாவில் கழிவுநீர் கடலில் சேரும் இடத்தில் 1945இல் புரோட்சு என்ற ஆய்வாளர் எடுத்த பூஞ்சைதான் பாக்டீரியாவைக் கொல்லும் செஃபலோஸ்போரின் மருந்தைத் தந்தது. ஆனால் வைரஸுக்கு எதிராக ஆழ்கடல் பூஞ்சை தந்த மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆழ்கடல் பூஞ்சையில் கிடைத்து 2014இல் அறிவிக்கப்பட்ட கிளாடோசின் சி என்ற பொருள், எச்1என்1 காய்ச்சல் வைரஸை ஓரளவே தடுத்தது.

ஜூன் 11, புதன்
செல்கள் வளர்ந்த பிளேட்டுக்கு ஊதாச் சாயம் ஏற்றினேன். வைரஸ் அழித்த இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். சாறு இட்ட குழிகளில் பொட்டுகள் குறைவு! ஆனால் சாறு கூடுதலாக இட்ட குழியில் செல்களே உரிந்துபோயிருந்தன. வைரஸைக் கொல்ல பினாயிலே போதும். செல்லை வாழவிட்டு வைரஸை மட்டும் தடுப்பதுதான் மருந்து.

ஜூன் 12, வியாழன்
செல்லைக் கொல்வதும் வைரஸைத் தடுப்பதும் வேறுவேறு பொருளாக இருக்கலாம். நாளை முதல் சாற்றைக் கூறுகூறாகப் பிரித்துச் சோதிக்கப் போகிறோம். பூஞ்சையின் நகலை கிளிசராலில் உறையவைத்தாயிற்று. கடலடியை ஆராயும் ஆழ்கடல் இயக்கத்துக்கு 2021இல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதன் கப்பல்கள் கொண்டுவரும் பூஞ்சைகளையும் இப்படிக் காக்க வேண்டும், திட்டம் முடிந்ததும் அவை அழிந்துவிடக் கூடாது. கோவாவில் கடலை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே தோன்னக்கல்லில் வைரஸை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பினர் மேசைக்கும் ஒரே பூஞ்சை போய்ச் சேர வேண்டும்.