விடியற்காலைச் சொப்பனம்



மூன்று வாரங்களுக்கு முன், புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்த பின்பு, நம் சபைத் தாயார் ஒருவர் மற்றவர்கள் புறப்படும் வரை காத்திருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஐயா, மூணு நாளா ஒரே சொப்பனம். விடியக்காலையில வருது. விடியக்காலைச் சொப்பனம் பலிக்கும்னு சொல்றாங்களே?" என்றார்.

ஒரகடத்தில் இரவுப் பணி செய்யும் மகன், வண்டலூர் சாலையில் வண்டியோடு விழுந்து கிடப்பதாகச் சொப்பனம். அவனைத் தடுப்பதற்காக வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். அவனோ ஒப்பந்தத் தொழிலாளி. இன்னும் இரண்டு நாள் போகாவிட்டால் வேலை நிலைக்காது.

அந்த அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. யோசேப்பின் சரித்திரத்தைப் பிரசங்கித்தபோது, தேவன் சொப்பனங்களின் வழியாகப் பேசுகிறார் என்று அழுத்திச் சொன்னேன். நமக்கு வருகிற ஒவ்வொரு சொப்பனமும் அப்படிப்பட்டதல்ல என்பதைச் சொல்லாமலே பீடத்தை விட்டு இறங்கிவிட்டேன்.

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் மாத்திரம் ஐந்து சொப்பனங்கள் உண்டு. அவற்றைக் கண்டவர்களில் ஒருவரும் அர்த்தம் தேடி அலையவில்லை. செய்யவேண்டியது இன்னதென்று தெளிவாயிருந்தது, எழுந்து செய்தார்கள். நம்மை வியர்வையோடு எழுப்பிவிட்டு, பயத்தைத் தவிர வேறொன்றும் தராமல் போகிற சொப்பனங்கள் வேறு வகை. கவலை மிகுந்தால் சொப்பனமும் பிறக்கும் என்பதைப் பிரசங்கி ஐந்தாம் அதிகாரம் மறைக்கவில்லை.

யோபுவின் புஸ்தகத்தையும் பாருங்கள். நான்காம் அதிகாரத்தில் எலிப்பாஸ், தான் இரவில் கண்ட தரிசனத்தை விவரித்து, அதைக்கொண்டே துயரப்படுகிறவனுக்கு உபதேசம் பண்ணுகிறான். ஏழாம் அதிகாரத்தில் யோபுவோ, படுக்கையிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால் அங்கும் சொப்பனங்கள் கலங்கடிக்கின்றனவே என்று தேவனிடமே முறையிடுகிறான். அவன் அர்த்தம் கேட்கவில்லை. முடிவில் தேவன் யார்மேல் கோபங்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். போதகனாகிய எனக்கு எலிப்பாஸை நினைத்தால் எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு.

இனி என்னுடைய காரியம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமிச் செய்தி கேட்டு, அப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்த கல்பாக்கம் கரையோரத்திற்கு வாலிபர் சிலரோடு போனேன். முகாமில் பகலெல்லாம் பேசாதிருந்தவர்கள் இரவில் "தண்ணி, தண்ணி" என்று அலறி எழுந்தார்கள். தாகத்திற்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் குவளையை நீட்டினேன்.

சில வாரங்களில் அந்தத் தண்ணீர் என் உறக்கத்திற்குள்ளும் வந்தது. ஆராதனை நடக்கிறது, கடல் ஆலயத்தின் வாசற்படி ஏறுகிறது, கதவைச் சாத்த என் கை எழவில்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது மறுபடியும் அடிக்கடி வந்தது. விசுவாசக் குறைவு என்பார்களோ என்று அஞ்சி இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் சொன்னேன். சொப்பனத்தைப் பகலில் எழுதி, அதன் முடிவை நானே மாற்றி, தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் செய்தேன். என் புதிய முடிவில் சபையாரை மாடிக்கு அழைத்துப் போகிறேன். (நம் ஆலயத்திற்கு மாடி இல்லை என்பது வேறு காரியம்.) சொப்பனம் முற்றிலும் ஒழியவில்லை, அரிதாயிற்று.

இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ப்ரோப்ரானலால் போன்ற மாத்திரைகளும், நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்துவதும் கொடிய சொப்பனங்களை வரவழைக்கக்கூடும் என்பதையும் அவரிடமே அறிந்தேன். குடியை விட்ட புதிதில், பிசாசு துரத்துகிறது என்று என்னிடம் அழுத சகோதரரை நினைத்துக்கொண்டேன். அன்று அவரை மருத்துவரிடமும் அனுப்பியிருக்கவேண்டும். மாத்திரை உண்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

விடியற்காலைக்கும் காரணம் உண்டு. உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. சொப்பனம் மிகுதியாய் வருகிற கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. அந்நேரம் விழித்தும் கொள்வதால் கண்டது நினைவில் நிற்கிறது.

அந்தத் தாயாரிடம் இவற்றையெல்லாம் நான் விரித்துரைக்கவில்லை. "சொப்பனம் தொடங்குவதற்கு முன் வீட்டில் என்னம்மா நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னார். மகன் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்கிறான். வண்டி ஓட்டும்போதே கண் அசந்துவிட்டது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

இருவரும் ஜெபித்தோம். மறுநாள் மகனையும் உட்காரவைத்துப் பேசினோம். இப்போது ஒரே ஷிப்ட். கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறான். வருமானம் குறைந்ததில் அவனுக்கு வருத்தம்தான்.

சென்ற ஞாயிறு இரவு அந்தச் சொப்பனம் மீண்டும் வந்ததாம். அன்று மகனுக்கு விடுமுறை. எழுந்துபோய் அவன் படுத்திருந்த பாயைப் பார்த்துவிட்டு, கர்த்தரிடம் முறையிட்டுவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டேன் என்றார்.