ஓடுகிற நாய்க்குத்தான் எக்ஸ்ரே

நன்றாக ஓடியாடும் லாப்ரடாருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், "நொண்டவே இல்லையே டாக்டர், எதுக்கு?" என்கிறார்கள். நொண்டத் தொடங்கும்போது பெரும்பாலும் மூட்டில் தேய்மானம் வந்துவிட்டிருக்கும். சுறுசுறுப்பான நாய்க்குத் தொடைத் தசை திரண்டிருக்கும். தளர்ந்த மூட்டையும் அது பல காலம் தாங்கிப் பிடித்துவிடும். ஆகவே ஓட்டத்தை வைத்து மூட்டைக் கணிக்க நான் துணிவதில்லை.

இந்தப் பரிசோதனையின் உயிர், நாயைக் கிடத்துவதில் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால்களைச் சற்றே உட்புறம் திருப்ப வேண்டும். படத்தில் முழங்கால் சில்லு தொடை எலும்பின் நடுவில் விழ வேண்டும். இடுப்பெலும்பின் இருபக்கத் துளைகளும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒன்று சிறுத்திருந்தால் நாய் சாய்ந்து கிடக்கிறது என்று பொருள். ஒரு மூட்டு உள்ளதைவிட நன்றாகவும் மற்றது மோசமாகவும் தோன்றும். திரும்ப எடுத்தே ஆக வேண்டும். படம் சரியாக அமைந்த பிறகுதான் தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பாதிக்குமேல் அடங்கியிருக்கிறதா, அதன் கழுத்தில் புது எலும்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

முழங்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உடல் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. அந்த மூட்டுக்குள் சிறு எலும்புத் துணுக்கு உடைந்திருந்தால், அது பல சமயம் எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் எடுத்தால், முழங்கை முனையின் மேல்விளிம்பில் மெல்லிய புது எலும்பு மங்கலாகத் தெரியும். அந்தச் சிறு மங்கலைப் பார்த்தே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே எடுக்கும் வயது இடத்துக்கு இடம் மாறும். நாய்களின் மூட்டு எக்ஸ்ரேக்களை மதிப்பிடும், 1966-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிரம்பிய பின்பே இறுதிச் சான்று தருகிறது. பிரிட்டனில் ஒரு வயதிலிருந்து எடுக்கலாம். அங்கே ஒவ்வொரு பக்க இடுப்பு மூட்டுக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், குறைந்தால் நல்லது. மூட்டின் தளர்வை அளக்கும் பென்ஹிப் முறையை 16 வார வயதிலேயே செய்யலாம்.

இடுப்பும் முழங்கையும் இப்படிப் பழுதாவது, பல மரபணுக்கள் சேர்ந்து வருவிக்கும் கோளாறு. பெற்றோரின் மூட்டு நன்றாக இருந்தாலும் சில குட்டிகளுக்கு வரும். ஆனால் வாய்ப்பு குறையும். மீதி, வளர்ப்பவர் கையில். 48 லாப்ரடார்களை ஆயுள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. கொழுகொழு குட்டி அழகு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குட்டி வழுக்காமலிருக்க, வழவழப்பான டைல்ஸ் தரையில் பாய் விரித்து வையுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வம்சாவளிப் பேப்பர் மட்டும் போதாது. தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகளையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.